மாடு மேய்ந்தால் மலரும் பாறை

அயர்லாந்துத் தீவின் மேற்குக் கரையில், கால்வே விரிகுடாவின் தென்கரையை ஒட்டி, கிளேர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் பர்ரன் என்னும் சுண்ணாம்புக்கல் நிலம் பரந்து கிடக்கிறது. ஈரமும் பசுமையும் மிக்க நாடாகவே உலகம் அறிந்திருக்கும் அயர்லாந்தில், இந்நிலத்தின் குன்றுகள் மட்டும் சாம்பல் நிறமாக, அடுக்கடுக்கான படிகளாக, பெரும்பாலும் மரமின்றி அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி இறங்குகின்றன. 1651இல் ஆங்கில நாடாளுமன்றப் படையின் தளபதியாக இப்பகுதிக்கு வந்த எட்மண்ட் லட்லோ, ஒருவனைக் கொல்வதற்கும் புதைப்பதற்கும் வேண்டிய தண்ணீரோ மரமோ மண்ணோகூட இங்கே கிடையாது என்ற பொருள்படத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். போரை நடத்த வந்தவரின் கண்ணுக்கு நிலம் அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆயினும் பாறைகளுக்கிடையே முளைக்கும் புல் சத்து மிக்கது என்றும், அதனால் இங்குள்ள மாடுகள் கொழுத்திருக்கின்றன என்றும் அதே குறிப்பில் அவர் சேர்த்துக்கொண்டார். போகிற போக்கில் அவர் சொல்லிச் சென்ற இந்த இரண்டாவது செய்திதான் பர்ரனைப் புரிந்துகொள்வதற்குரிய வாயில். இங்கு வருவோரில் பலர் முதல் செய்தியோடு நின்று, வெறும் கல்லைக் கண்டு வியந்து திரும்பிவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

இக்குன்றுகள் ஒரு காலத்தில் வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலின் தரையாக இருந்தன. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், புவியியலாளர் கார்பனிஃபெரஸ் என்று பெயரிட்டுள்ள காலத்தில், பின்னாளில் அயர்லாந்தாக உருவெடுத்த நிலம் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த பவளங்கள், சிப்பிகள், பார்வைக்குத் தண்டும் பூவும் கொண்ட செடிபோல் இருந்தாலும் விலங்கினத்தைச் சேர்ந்த கடல் அல்லிகள் ஆகியவற்றின் ஓடுகளும் எலும்பொத்த துண்டுகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல்லாயின. இன்றும் பர்ரனில் நடப்பவர் குனிந்து பார்த்தால், காலடிப் பாறையிலேயே பவளத்தின் குறுக்குவெட்டு வளையங்களையும் சிப்பியின் வளைந்த கோடுகளையும் கண்ணாடியின் துணையின்றிக் காணலாம். இதற்கு வெகு காலம் கழித்து வந்த பனியூழிகளில், வடக்கிலிருந்து நகர்ந்த பெரும் பனித்தட்டுகள் இப்பாறையைச் சுரண்டித் தேய்த்து, ஏற்கெனவே இருந்த மண்ணை வழித்தெடுத்துச் சென்றன. போகும்போது சுமந்து வந்த பாறாங்கற்களை ஆங்காங்கே இறக்கிவிட்டும் சென்றன. விரிகுடாவுக்கு அப்பால் உள்ள கானமாரா பகுதியின் கிரானைட் கற்கள், அந்தக் கல்லே விளையாத பர்ரன் குன்றுகளின் மேல் தனித்துக் கிடப்பது இவ்வாறுதான். இடம்பெயர்ந்து வந்த கற்கள் சில, குடை பிடித்தாற்போலத் தமக்கு அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லை மழையிலிருந்து காத்ததால், சுற்றிலும் பாறை கரைந்து தாழ, அவை மட்டும் சிறு பீடத்தின் மேல் அமர்ந்திருப்பதைக் காணலாம். பீடத்தின் உயரத்தைப் பார்த்தே, பனி விலகியபின் எவ்வளவு பாறை மழையில் கரைந்து போயிருக்கிறது என்று மதிப்பிட முடிகிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. இவ்வாறு நீரால் கரைந்து குகையும் பிளவும் நிலத்தடி ஓடைகளுமாக மாறிய நிலத்தைப் புவியியலாளர் கார்ஸ்ட் என்று அழைக்கின்றனர். பர்ரனில் கரைதல் முதலில் பாறையின் இயல்பான விரிசல்களைப் பற்றிக்கொண்டதால், பரந்த பாறைத்தரை முழுவதும் நேர்கோட்டுப் பிளவுகள் ஓட, வெயிலில் வறண்டு வெடித்த ஏரிப் படுகை கல்லாகிவிட்டதுபோல அது காட்சி தருகிறது. பிளவுகளுக்கிடையே எஞ்சிய பாளங்கள் கிளின்ட் என்றும், பிளவுகள் கிரைக் என்றும் வழங்கப்படுகின்றன. கிரைக் சில இடங்களில் கை நுழையும் அளவே அகலம் உடையது. சில இடங்களில் ஒரு கால் முழுவதும் இறங்கும் ஆழமும் அகலமும் கொண்டது. இங்கு நடப்பவர் முதலில் அறிய வேண்டியது இதுவே, ஏனெனில் சமதளம்போல் தோன்றும் இடத்தில் புல் மூடிய பிளவு மறைந்திருக்கக்கூடும். நன்றாகப் பதிந்ததுபோல் தோன்றும் பாளம் காலை வைத்ததும் ஆடக்கூடும். மழையில் நனைந்த சுண்ணாம்புக்கல் வழுக்கும். கணுக்காலை இறுகப் பற்றும் காலணியும் அவசரமில்லாத நடையும் இல்லாமல் இத்தரையில் இறங்குவது தகாது.

மழை மிகுந்த இந்நிலத்தில் ஆறுகள் அரிதாயிருப்பதற்கும் இப்பிளவுகளே காரணம். விழும் நீரில் பெரும்பகுதி பாறைக்குள் இறங்கி, இருளில் ஓடி, குன்றின் அடிவாரத்தில் ஊற்றாகவோ கடலுக்குள்ளேயோ வெளிப்படுகிறது. ஃபனோர் கடற்கரையில் கடலில் சேரும் கேஹர் ஆறு, தன் முழு நீளத்தையும் நிலத்தின் மேலேயே கடக்கும் பர்ரன் ஆறு என்பதாலேயே சிறப்பாகச் சுட்டப்படுகிறது. நிலத்தடி நீரின் போக்கைக் கண்ணால் காண விரும்புவோர், டர்லாக் எனப்படும் பருவகால ஏரிகளைப் பார்க்க வேண்டும். தொடர்மழைக்குப் பின் நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது, தாழ்வான புல்வெளியின் அடியிலுள்ள துளைகள் வழியே நீர் பொங்கி மேலெழுந்து ஏரியாகிறது. மழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கும்போது அதே துளைகள் வழியே ஏரி வடிந்து மீண்டும் மேய்ச்சல் நிலமாகிறது. காரன் என்னும் ஊரருகே உள்ள டர்லாக், இவற்றுள் எளிதில் சென்று காணத்தக்கது. கோடையில் அங்கு செல்பவர், ஏரிப் படுகையைச் சுற்றியுள்ள கற்களிலும் வேலிச்சுவர்களிலும் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை கருநிறப் பாசி படர்ந்திருப்பதைக் காண்பார். குளிர்காலத்தில் நீர் எதுவரை நிற்கும் என்பதற்கு அந்தப் பாசிக் கோடே அளவுகோல். அந்த உயரத்தை அடையாளம் கண்டபின், தாம் நிற்கும் புல்தரை சில மாதங்களில் தம் தலைக்கு மேல் நீருக்குள் இருக்கும் என்று உணரும்போதுதான் இந்நிலத்தின் இயல்பு உடம்புக்கே விளங்குகிறது.

பர்ரனைத் தாவரவியலாளரிடையே புகழ்பெறச் செய்தவை அதன் பூக்கள். பரப்பளவில் அயர்லாந்தின் மிகச் சிறு பகுதியாகிய இங்கு, அந்நாட்டின் இயல்தாவர வகைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் வளர்கின்றன. எண்ணிக்கையைவிட வியப்பூட்டுவது அவற்றின் கூட்டு. ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த புல்வெளிகளுக்குரிய வசந்த ஜென்ஷியன், விரல்நுனி அளவே உள்ள ஆழ்ந்த நீலப் பூவாக ஏப்ரல், மே மாதங்களில் இங்கு மலர்கிறது. அதன் அருகிலேயே, வடதுருவ நிலங்களுக்கு உரியதும் எட்டு வெண்ணிற இதழ்கள் உடையதுமான மலை ஏவன்ஸ் பாயாகப் படர்கிறது. இவ்விரண்டிலிருந்தும் சில அடி தள்ளி, மத்தியதரைக் கடற்கரைகளில் வாழும் அடர்பூ ஆர்க்கிட் நிமிர்ந்து நிற்கிறது. மலையுச்சிகளில் மட்டுமே காணத்தக்க செடிகள் இங்கு கடல்மட்டத்திலேயே, அலைத் துளி தெறிக்கும் தொலைவில் வளர்கின்றன. கிரைக்கின் உட்சுவர்களிலோ வேறோர் உலகம் இருக்கிறது: காற்று புகாத, ஈரம் காயாத அந்த ஆழத்தில், வெதுவெதுப்பான நாடுகளுக்குரிய மென்பெரணி வகைகள் மேலே வீசும் உப்புக்காற்று தம்மைத் தொடாமல் செழிக்கின்றன. ஒரு பாளத்தின் மேல் துருவச் செடியும், அதன் பக்கத்துப் பிளவுக்குள் தென்னகப் பெரணியும் இருப்பதைக் காண எவரும் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஒரே இடத்தில் மண்டியிட்டுப் பொறுமையாகப் பார்த்தால் போதும்.

இக்கூட்டுக்கு ஒற்றைக் காரணம் கூற இயலாது. வட அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தால் இக்கரையில் உறைபனி அரிதாக இருப்பது ஒரு காரணம். கோடை வெப்பத்தைத் தேக்கிக் குளிர்காலத்தில் மெல்ல வெளியிடும் பாறை மற்றொரு காரணம். பனியூழி முடிந்தபோது திறந்த வெளியில் பரவிய செடிகளுக்கு, மண் மிகுந்த பிற இடங்களில் காடு வந்து மூடியதைப்போல் இங்கு முற்றாக மூடிவிடாதது இன்னொரு காரணம். இவை அனைத்தும் இயற்கையின் பங்கு. ஆனால் இவை மட்டும் இருந்திருந்தால் இன்று பர்ரனில் பூக்களைவிட ஹேசல் என்னும் புதர்மரமே மிகுந்திருக்கும். பூக்களைக் காத்து வருபவர் உழவர். காக்கும் கருவி மாடு.

மலைநாடுகள் பலவற்றில் கோடையில் கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டிச்சென்று, குளிர்காலத்தில் பள்ளத்தாக்குக்கு இறக்குவது வழக்கம். பர்ரனில் இம்முறை தலைகீழாக நடக்கிறது. அக்டோபர் இறுதியில் மாடுகள் குன்றின் மேல் ஏற்றப்பட்டு, ஏப்ரல் வரை அங்கேயே மேய்கின்றன. இவ்வழக்கத்தையும், அதற்குரிய மேட்டு மேய்ச்சல் நிலத்தையும் உள்ளூர் மக்கள் வின்டரேஜ் என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். தாழ்நிலம் குளிர்கால மழையில் சேறாகும்போது, நீர் தேங்காத பாறைமேடு மாடு படுக்க உலர்ந்த இடமாக அமைகிறது. பாறையின் வெப்பத்தால் அங்கு புல்லின் வளர்ச்சியும் முற்றாக நின்றுபோவதில்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த புல்லும் ஊற்றுநீரும் மாட்டின் எலும்புக்கு உரமூட்டுகின்றன. ஆறு மாத காலம் மாடுகள் முற்றிய புல்லையும் காய்ந்த சருகையும் மேய்ந்து தரையைத் திறந்துவிடுவதால், வசந்தத்தில் சிறு செடிகளின் மேல் வெயில் நேராக விழுகிறது. பூக்கும் நேரத்திலோ மாடுகள் கீழே இறக்கப்பட்டிருக்கும். எனவே மொட்டுகள் மிதிபடாமலும் கடிபடாமலும் மலர்ந்து விதை பரப்புகின்றன. ஜென்ஷியனின் நீலத்தைப் படம் பிடிக்க வருபவர், அதற்கு முந்திய ஜனவரி மழையில் குன்றேறி, தம் மாடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் திரும்பிய உழவரின் உழைப்பையே படம் பிடிக்கிறார் என்று சொல்வது மிகையாகாது.

இந்த உழைப்பு நின்றுபோகும் நிலைக்கு ஒரு கட்டத்தில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உடல் பெருத்த ஐரோப்பிய மாட்டினங்கள் வந்தன. அவற்றுக்குக் குன்றுப் புல் போதாதென்று, சைலேஜ் எனப்படும் புளிக்கவைத்த பசுந்தீவனம் வழங்கப்பட்டது. தீவனம் வைத்த இடத்தையே மாடுகள் சுற்றி நின்றதால், அவ்விடம் மிதிபட்டுச் சாணக்கழிவு பிளவுகள் வழியே நிலத்தடி நீரில் கலந்தது. குன்றின் மற்ற பகுதிகளில் மேய்ச்சல் குறைந்து, ஹேசல் புதர் பூநிலங்களை விழுங்கத் தொடங்கியது. மேய்ச்சலை அடியோடு தடை செய்து நிலத்தைக் காக்கலாம் என்று எண்ணுவது வெளியூர்வாசிக்கு இயல்பு. பர்ரனில் அது நிலத்தை அழிக்கும் வழியாகவே முடிந்திருக்கும். 2005இல் 20 பண்ணைகளோடு தொடங்கிய பர்ரன்லைஃப் என்னும் திட்டம், ஆய்வாளரும் உழவரும் கூடி, குன்றிலேயே மாடுகளை மேயத் தூண்டும் அளவான தாதுத் தீவனத்தைக் கண்டறிந்தது. ஊற்றுகளைப் பாதுகாத்துத் தொட்டிகள் அமைத்தது. புதர்களை வெட்டிப் பழைய மாட்டுப்பாதைகளைத் திறந்தது. அதைத் தொடர்ந்து வந்த திட்டங்களில் உழவரின் ஒவ்வொரு புல்வெளியும் ஆண்டுதோறும் 10க்கு இத்தனை மதிப்பெண் என்று அளக்கப்பட்டு, புல்வெளியின் தரம் உயர உயர உதவித்தொகையும் உயர்ந்தது. என்ன செய்ய வேண்டும் என்று உழவருக்கு ஆணையிடாமல், விளைந்த பலனுக்கு விலை கொடுத்த இம்முறையை ஐரோப்பாவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்து கற்றுச் சென்றுள்ளனர். பூக்களும் பால், இறைச்சியைப் போலப் பண்ணையின் விளைச்சலே என்று ஏற்கப்பட்டது, இந்நிலத்தின் அண்மை வரலாற்றில் நிகழ்ந்தவற்றுள் மிகவும் போற்றத்தக்கது.

மனிதர் இங்கு மாடு மேய்க்கத் தொடங்கியது ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன். அக்காலத்தில் இக்குன்றுகளில் பைன், ஹேசல் மரங்கள் பரவலாக இருந்தன என்பதை ஏரிச் சேற்றில் படிந்த மகரந்தத் தூள் காட்டுகிறது. மரம் வெட்டப்பட்டதும் மெல்லிய மண் மழையில் அரித்து, பிளவுகளுக்குள் இறங்கிக் காணாமற்போயிற்று. ஆகவே இன்று காணும் பாறையின் வெறுமையில் பனித்தட்டுக்கு மட்டுமன்றி முதல் உழவருக்கும் பங்குண்டு. அவர்கள் எழுப்பிய நினைவிடங்களுள் தலையாயது, பாலிவான் ஊரிலிருந்து தெற்கே செல்லும் சாலையோரத்தில் நிற்கும் பூல்னாப்ரோன் கல்லறை. நிமிர்த்திய பலகைக் கற்களின் மேல் ஏறத்தாழ 5 டன் எடையுள்ள மூடுகல் சாய்வாக அமர்ந்திருக்கும் இக்கட்டுமானத்தில், தாங்கு கல் ஒன்று விரிசல் கண்டதையொட்டி 1986இல் அகழாய்வு நடந்தது. பொ.ஆ.மு. 3800க்கும் 3200க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த, 30க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அங்கு கிடைத்தன. பெரியவர்களில் பெரும்பாலோர் 30 வயதை எட்டாமலே இறந்திருந்தனர். பலரின் கழுத்து, தோள் மூட்டுகளில் சுமை தூக்கியதன் தேய்மானம் இருந்தது. ஒருவரின் இடுப்பெலும்பில் கல் முனை ஒன்று தைத்தபடியே இருந்தது. 2020இல் வெளியான மரபணு ஆய்வு, அங்கு புதைக்கப்பட்ட ஆண் குழந்தை ஒன்றுக்கு டவுன் நோய்க்குறி இருந்ததைக் கண்டறிந்தது. அதுவரை அறியப்பட்டவற்றுள் அதுவே மிகப் பழமையானது. தாய்ப்பால் ஊட்டி வளர்க்கப்பட்ட அக்குழந்தை, அச்சமூகம் தன் இறந்தோருக்கெனக் கட்டிய பெருங்கல்லறையிலேயே இடம் பெற்றது என்பதை அறிந்தபின், சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அக்கல்லின் முன் சற்று நேரம் பேசாமல் நிற்கத் தோன்றும்.

மாடு மேய்ப்பவருக்கும் முன்பே வேட்டையாடிகள் இங்கு வந்துபோயினர். கிளேர் மாவட்டக் குகையொன்றில் 1903இல் எடுக்கப்பட்டு, அருங்காட்சியகப் பெட்டியில் நெடுங்காலம் கிடந்த கரடியின் முழங்கால் சில்லில் வெட்டுக்காயத் தடங்கள் இருப்பதை 2016இல் ஆய்வாளர் உறுதி செய்தனர். அதன் வயது ஏறத்தாழ 12,500 ஆண்டுகள். அயர்லாந்தில் மனிதர் வாழ்ந்த காலத்தை அந்த ஓர் எலும்பு 2,500 ஆண்டுகள் முன்னுக்குத் தள்ளிவிட்டது.

கிறித்தவ சமயம் வந்தபின் பர்ரனின் தனிமை துறவிகளை ஈர்த்தது. ஸ்லீவ்காரன் குன்றின் செங்குத்தான பாறைமுகத்தின் அடியில், ஹேசல் மரங்களுக்கிடையே, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித கோல்மன் தவமிருந்ததாகக் கூறப்படும் குகையும், சிதைந்த சிறு கோயிலும், நேர்ச்சைக்குரிய ஊற்றும் உள்ளன. நோன்புக் காலம் முழுவதும் பட்டினி கிடந்த கோல்மனுக்கும் அவர் சீடனுக்கும் உயிர்த்தெழுந்த திருநாளன்று உணவில்லாமற்போக, குவைரா மன்னனின் அரண்மனையில் பரிமாறப்பட்ட விருந்துத் தட்டுகள் வானில் எழுந்து பறந்து இவ்விடத்தை அடைந்தன என்றும், துரத்தி வந்த மன்னனின் குதிரைகள் பாறையில் குளம்பு பதிந்து நின்றுவிட்டன என்றும் இங்கு வழங்கும் கதை கூறுகிறது. அந்த வழியில் உள்ள பாறைத்தரைக்குத் தட்டுகளின் சாலை என்றே ஐரிஷ் மொழியில் பெயர். மறைவான இவ்விடத்துக்குச் செல்லும் நடை குறுகியதுதான். ஆனால் திறந்த பாறையிலிருந்து திடீரெனப் பாசி மூடிய மரநிழலுக்குள் நுழையும் அனுபவத்துக்காகவே பர்ரனின் மற்ற நடைகளைவிட இதை முதலில் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. இதற்கு வடக்கே, கடலையொட்டிய பள்ளத்தாக்கில், 1195 வாக்கில் சிஸ்டெர்சியன் துறவியர் எழுப்பிய கோர்கம்ரோ மடாலயம் நிற்கிறது. வளமான பாறையின் புனித மரியா என்று அவர்கள் அதற்குப் பெயரிட்டனர். தூண்களின் தலைப்பகுதியில் செடி மலர் உருவங்களைச் செதுக்கிய அந்தச் சிற்பிகள், லட்லோவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்நிலத்தைச் சரியாகப் படித்திருந்தனர்.

கடலோர நடைக்குச் சிறந்த இடம், ஃபனோருக்கும் பாலிவானுக்கும் இடையே கடலுக்குள் துருத்தி நிற்கும் பிளாக் ஹெட் முனை. கீழே வண்டிச்சாலை அலைகளை ஒட்டி வளைந்து செல்ல, அதற்கு மேலே குன்றின் இடுப்பைச் சுற்றிப் பசுஞ்சாலை ஒன்று போகிறது. இருபுறமும் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்களுக்கு நடுவே புல் படர்ந்து கிடக்கும் பழைய மாட்டுவழிகளையும் வண்டித்தடங்களையும் இங்கு பசுஞ்சாலை என்கின்றனர். அவற்றுள் சில, 1840களின் பெரும் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக அமைக்கப்பட்டவை. இப்புல்தரையின் மென்மையில் நடப்பவர் அதை மறந்துவிடலாகாது. கற்சுவர்களில் கற்களுக்கிடையே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பதும் தற்செயலன்று. காற்று ஊடுருவிச் சென்றால்தான் அட்லாண்டிக் புயலில் சுவர் சாயாமல் நிற்கும். பாதையிலிருந்து மேற்கே நோக்கினால், பர்ரனின் அதே சுண்ணாம்புக்கல் கடலுக்குள் தொடர்ந்து எழுந்த ஆரன் தீவுகள் மூன்றும் தெரிகின்றன. அங்கு ஐரிஷ் மொழி இன்றும் அன்றாடப் பேச்சாக வாழ்கிறது. வடக்கே விரிகுடாவுக்கு அப்பால் கானமாராவின் மலைகள் நிற்கின்றன. யார்க்‌ஷயரில் வளர்ந்து ஆரன் தீவில் குடியேறிய டிம் ராபின்சன், இந்நிலம் முழுவதையும் காலால் அளந்து, ஊர்ப்பெயர்களையும் ஊற்றுகளையும் கல்கோட்டைகளையும் உள்ளூராரிடம் கேட்டு எழுதிச் சேர்த்து, 1977இல் பர்ரனின் வரைபடத்தை வெளியிட்டார். நிலத்தை நேசிப்பதற்கு நடப்பதும் கேட்பதும் போதும் என்பதை அவ்வரைபடம் காட்டுகிறது.

பர்ரனின் தென்மேற்கில் சுண்ணாம்புக்கல் முடிந்து, அதற்குப் பின் படிந்த களிப்பாறையும் மணற்பாறையும் தொடங்குகின்றன; அவை கடலை நோக்கி வெட்டப்பட்டதுபோல் நிற்கும் இடமே உலகப் புகழ்பெற்ற மோஹர் செங்குத்துப் பாறைகள். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமும், மிக உயர்ந்த இடத்தில் 214 மீட்டர் உயரமும் கொண்ட இப்பாறைகளின் விளிம்புகளில் பஃபின் முதலிய கடற்பறவைகள் வசந்தத்தில் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருமிடம் இது. விளிம்பையொட்டி டூலின், லிஸ்கானர் ஊர்களை இணைக்கும் நடைபாதையின் பல பகுதிகள், மண்சரிவும் உயிரிழப்பும் நேர்ந்ததால் 2024இல் மூடப்பட்டன. ஆகவே அங்கு நடக்கத் திட்டமிடுவோர் புறப்படுமுன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்வது கட்டாயம். மோஹரைக் கண்டுவிட்டுப் பேருந்தில் பர்ரனைக் கடந்து செல்வோரே மிகுதி. இரண்டில் ஒன்றுக்குத்தான் நாள் உண்டு என்றால், அந்நாளைப் பர்ரனுக்குக் கொடுப்பதே தகும்.

பர்ரனின் உட்பகுதியில் முல்லக்மோர் என்னும் குன்று இருக்கிறது. அதன் பாறை அடுக்குகள் பூமியின் பழைய அழுத்தத்தால் வளைந்து, குழிந்த கிண்ண வடிவில் நெளிந்து நிற்கின்றன. 1991இல் அரசு இதன் அடிவாரத்தில் பெரிய பார்வையாளர் மையம் ஒன்றைக் கட்ட முனைந்தது. வேலைவாய்ப்பு வரும் என்று வரவேற்றவரும், வாகனக் கூட்டமும் கழிவுநீரும் இவ்விடத்தின் அமைதியையும் நிலத்தடி நீரையும் கெடுக்கும் என்று எதிர்த்தவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்களாயிருந்ததால், குடும்பங்களுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. எதிர்த்தோர் தரப்பில் கவிஞரும் பாதிரியாருமான ஜான் ஓ'டனஹூவும் இருந்தார். வழக்கு 1993இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று பணி நின்றது. 2000இல் திட்டமிடல் மேல்முறையீட்டு வாரியம் இறுதியாக அனுமதி மறுக்க, கட்டிய பகுதிகள் அகற்றப்பட்டன. இன்று இக்குன்றை உள்ளடக்கிய தேசியப் பூங்காவின் தகவல் நிலையம் சில கிலோமீட்டருக்கு அப்பால், கோரஃபின் ஊரில் இருக்கிறது. கோடையில் அங்கிருந்து சிற்றுந்து நடப்போரைக் குன்றடிக்குக் கொண்டு செல்கிறது. குன்றின் மேல் வண்ணக் குறியிட்ட பாதைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் போராட்டம் வென்றிராவிட்டால் இத்தகைய வெளியில் நடப்பது வேறுவகை அனுபவமாக மாறியிருக்கும்.

அயர்லாந்தில் பிறர் நிலத்தில் நடக்கப் பொதுமக்களுக்குச் சட்டப்படியான உரிமை கிடையாது என்பதை வெளிநாட்டார் பலர் அறிவதில்லை. பர்ரன் வழி என்ற பெயரில் 100 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நெடும்பாதையும், மற்றக் குறுநடைப் பாதைகளும் பெருமளவு உழவரின் இசைவால் திறந்திருப்பவை. மஞ்சள் அம்பும் நடக்கும் மனித உருவமும் பொறித்த குறிகம்பங்களைத் தொடர்ந்து செல்வதும், சுவரில் ஏறாமல் அதற்கென அமைத்த படிவழியாகக் கடப்பதும், நாயை அழைத்துச் செல்லாதிருப்பதும், கன்று ஈன்ற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதிருப்பதும் அந்த இசைவுக்குச் செலுத்தும் மரியாதை. பாறைத் துண்டுகளைப் பெயர்த்துச் சிறு கல்லறைபோலவும் கோபுரம்போலவும் அடுக்கி வைத்துச் செல்லும் வழக்கம் பயணிகளிடையே பரவியுள்ளது. கல்லைப் பெயர்க்கும்போது அதன் அடியில் பிடித்திருந்த பாசியும் சிறுசெடியும் அழிவதோடு, உண்மையான தொல்லியல் எச்சங்களும் கலைந்துபோகின்றன. தன்னார்வலர் அவ்வப்போது அவற்றைப் பிரித்துக் கற்களைப் பழைய இடத்தில் வைக்கின்றனர். பூ பறிப்பதைப் போலவே இதுவும் விலக்கத்தக்கது.

கால்வே நகரிலிருந்து கடலோரமாகப் பாலிவான், ஃபனோர், டூலின், மோஹர் வழியே எனிஸ் வரை செல்லும் 350ஆம் எண் பேருந்து, வண்டியில்லாதவர் இப்பகுதியைக் காண உதவுகிறது. பூக்களுக்காக வருவோருக்கு மே மாதம் உகந்தது; ஜூனில் பொழுது சாய இரவு 10 மணி ஆவதால் நெடுநடைக்கு வேண்டிய வெளிச்சம் கிடைக்கும்; டிசம்பரிலோ மாலை 4.30க்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவதால் குன்றிலிருந்து இறங்கும் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். எந்த மாதமானாலும் மழைக்காப்பு ஆடை தேவை. பூ இல்லாத காலமாயினும் அக்டோபர் இறுதியில் வருவதற்குத் தனிக் காரணம் உண்டு: பர்ரன்பியோ என்னும் அறக்கட்டளை அவ்வார இறுதியில் நடத்தும் வின்டரேஜ் விழாவில், மாடுகளைக் குன்றுக்கு ஓட்டிச் செல்லும் உழவர் குடும்பத்தோடு வெளியாரும் உடன் நடக்கலாம். அதன்பின் ஏப்ரல் வரை குன்றுகளில் மாடுகள் இருக்கும் என்பதால், வழியிலுள்ள ஒவ்வொரு கதவையும் திறந்தவரே மூடிவிட்டுச் செல்ல வேண்டும்.